தார் காய்ச்சிய பிரபு

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், வேதியியல்

தார் என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது சாலை. கொதிக்கும் கொப்பரை, கண்ணைக் கரிக்கும் புகை, கருங்கல் சல்லி, காலில் சாக்குச் சுற்றிக்கொண்டு வேலை செய்யும் தொழிலாளர்கள். இவையே நாம் அறிந்த தார். ஆனால் சாலைக்கு வருமுன் அது கூரைக்கு வந்தது. கூரைக்கு வருமுன் கப்பலுக்கு வந்தது. நம் கடற்கரை ஊர்களில் மரப்படகின் அடிப்புறத்தில் தார் பூசுவதை நம்மிற் பலர் பார்த்திருப்போம். கரையான் மிகுந்த ஊர்களில் கதவு நிலையைச் சுவரில் பதிக்குமுன், சுவரோடு ஒட்டும் பக்கங்களில் தார் தடவுவார்கள். மாடித் தளம் ஒழுகினால் தார் அட்டையை அனல் காட்டி ஒட்டுவார்கள். நம் முன்னோர் இதனைக் கீல் என்றனர். மண்ணிலிருந்து கிடைப்பதற்கு நிலக்கீல் என்னும் அழகிய பெயர் வழங்குகிறது.

இத்துணை எளிய பொருளுக்குப் பின்னே ஒரு பெருங்குடிப் பிரபுவின் வாழ்வும் வீழ்ச்சியும் மறைந்து கிடக்கின்றன என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் பெயர் ஆர்ச்சிபால்ட் காக்ரேன். ஸ்காட்லாந்து நாட்டின் ஒன்பதாம் டண்டொனால்டு பிரபு. நெப்போலியன் காலத்துக் கடற்போர்களைப் படித்த வரலாற்றுத் துறை நண்பர்களுக்குத் தாமஸ் காக்ரேன் என்னும் மாவீரனின் பெயர் தெரிந்திருக்கும். அந்தத் தாமசைப் பெற்ற தந்தையே இவர். மகன் கடலில் புகழ் சேர்த்தான். தந்தை கடலுக்காகத் தார் காய்ச்சிப் பொருளை இழந்தார்.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கறுப்பாக, பிசுபிசுப்பாக இருப்பதையெல்லாம் நாம் தார் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையில் அவை மூன்று. தேவதாரு இனத்து மரங்களின் வேரையும் கட்டையையும் மூட்டம் போட்டு எரித்து எடுப்பது மரத்தார். நிலக்கரியைக் காற்றுப் புகாமல் சூடாக்கி எடுப்பது கரித்தார். பூமியில் தானே ஊறிக் கிடப்பதும், கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்குவதுமாகிய மூன்றாவது பொருளே நிலக்கீல். ஆங்கிலத்தில் அஸ்பால்ட் என்றும் பிட்டுமென் என்றும் சொல்வது இதனையே. இன்று நம் சாலையிலும் கூரை அட்டையிலும் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது. நம் கதைத் தலைவர் தம் வாழ்வைப் பணயம் வைத்தது இரண்டாவதன் மீது.

ஆர்ச்சிபால்ட் 1748-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் பிறந்தார். குடும்பத்தின் இருப்பிடம், ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில் உள்ள ஒரு சிற்றூர். எழுத்தில் கல்ராஸ் என்று படிக்கத் தோன்றும். ஊர்க்காரர்கள் சொல்வதோ கூரஸ். நாமும் கூரஸ் என்றே சொல்வோம். அந்த ஊரில் பூமிக்கடியில் நிலக்கரி உண்டு. கரையில் உப்பு உண்டு. அங்கே உப்பளம் என்றால் நம் தூத்துக்குடி போல வெயிலில் காய்வதன்று. வெயிலேது அந்த நாட்டில்? கடல்நீரை இரும்புத் தட்டங்களில் ஊற்றி, நிலக்கரியை எரித்துக் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். அதற்கும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஜார்ஜ் புரூஸ் என்பவர் அதே ஊரில் கடலுக்கடியில் சுரங்கம் தோண்டி நிலக்கரி எடுத்திருந்தார். எனவே கரியும் புகையும் உப்பும் இந்தப் பிரபுவுக்குப் பிறப்போடு வந்த சொத்து. கடனும் அப்படியே வந்தது. பட்டம் பெரிது; வருமானம் சிறிது. இளைய பிள்ளைகள் பலர். நம் ஊர்ப் பழைய சமீன்களின் கதைதான்.

இளமையில் குதிரைப்படையில் சிறிய அதிகாரியாகச் சேர்ந்தார். அது பிடிக்கவில்லை. கடற்படைக்கு மாறினார். பயிற்சி அதிகாரியாக மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குச் சென்ற கப்பலில் இருந்தார். அவர் வாழ்வைத் திருப்பியது அந்தப் பயணமே. வெப்பக் கடலில் சில மாதங்கள் நின்ற கப்பலின் அடிப்பலகை தேன்கூடு போலத் துளைபட்டுப் போவதை அவர் கண்ணாரக் கண்டார். கப்பல் புழு என்று பொதுவாகச் சொல்கிறோம். விலங்கியல் துறை நண்பர்கள் உடனே திருத்துவார்கள்: அது புழுவே அன்று, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. தலையில் உள்ள இரு சிறு ஓடுகளால் மரத்தை அராவி உள்ளே நுழைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் குண்டூசி முனை அளவு துளை. உள்ளேயோ விரல் தடிமனுக்குக் குடைவு. எதிரியின் பீரங்கியால் மூழ்கிய கப்பல்களைப் பற்றிப் பாடப் புத்தகங்கள் பேசுகின்றன. இந்தச் சிறிய உயிர் மூழ்கடித்த கப்பல்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

மரத்தார் பூசுவது அக்கால வழக்கம். ஆனால் அந்தத் தார் பிரிட்டனில் கிடைப்பதில்லை. சுவீடனிலிருந்தும் பால்டிக் கடற்பகுதியிலிருந்தும் வரவேண்டும். அல்லது அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரவேண்டும். 1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. கரோலினாக் காடுகளின் தார் நின்றது. கடற்படையையே நம்பி வாழ்ந்த நாட்டுக்குக் கப்பலில் பூசத் தார் இல்லை என்ற நிலை! 1778-இல் தந்தை மறைய, ஆர்ச்சிபால்ட் பிரபுவானார். கையில் கடன், காலடியில் நிலக்கரி, நாட்டுக்குத் தேவை தார். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் அவர்.

நிலக்கரியிலிருந்து தார் எடுக்கலாம் என்பது அவருடைய புதுக் கண்டுபிடிப்பு அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன், 1681-இல், பெக்கர் என்னும் செருமானிய வேதியியலாரும் செர்ல் என்பவரும் அதற்கு ஒரு காப்புரிமை பெற்றிருந்தனர். அது ஏட்டோடு நின்றது. அதனைத் தொழிலாக நடத்திக் காட்டியதே டண்டொனால்டின் பெருமை.

அவர் கட்டிய சூளைகளின் நுட்பம் வேதியியல் மாணவனாகிய என் உள்ளத்தைக் கவர்ந்தது. நாம் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு சோதனையை நினைவுகூருங்கள். கெட்டிக் கண்ணாடிக் குழாயில் நிலக்கரித் தூளை இட்டு வெளியிலிருந்து சூடாக்குகிறோம். ஆவி அடுத்த குழாய்க்குச் சென்று குளிர்கிறது. அடியில் கறுப்பாய்த் தார் தங்குகிறது. அதன்மேல் அம்மோனியா கலந்த நீர் நிற்கிறது. குளிராத வாயு நுனிக்குழலில் வெளிவருகிறது. தீக்குச்சி காட்டினால் எரிகிறது. முதற் குழாயில் எஞ்சுவது கல்கரி. இதில் வெளியிலிருந்து சூடாக்கத் தனியே எரிபொருள் வேண்டும். டண்டொனால்டு அதைத் தவிர்த்தார். சூளையில் நிறைத்த கரியின் ஒரு பகுதிக்கே தீ மூட்டி, காற்றை மிகச் சிறிதளவே உள்ளே விட்டார். எரியும் சிறு பகுதியின் வெப்பம் எஞ்சிய கரியை வடித்தது. வெளிவந்த ஆவியைச் செங்கல் வழிகளில் செலுத்தி, நீரால் குளிரவைத்துத் தாரைச் சேர்த்தார். தாரை மீண்டும் காய்ச்சினால் எண்ணெய் பிரிந்து கெட்டிக் கீல் கிடைத்தது. அந்த எண்ணெய் வார்னிஷ் ஆயிற்று. சூளையில் எஞ்சிய கல்கரியை இரும்பு உருக்குபவர்கள் வாங்கிக்கொண்டனர். எதுவும் வீணாகக்கூடாது என்பது அவர் கணக்கு. பாவம், ஒன்றை மட்டும் வீணாக்கினார். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1781-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது. தார், கீல், எண்ணெய், அம்மோனியா, கல்கரி முதலிய அனைத்தையும் நிலக்கரியிலிருந்து எடுக்கும் முறைக்கு அந்த உரிமை. பிரிட்டிஷ் தார்க் கம்பெனி தோன்றியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜோசப் பிளாக், உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த அதே பிளாக், இவருக்கு நண்பராகவும் துணையாகவும் இருந்தார். 1785-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி அந்த உரிமையை மேலும் 20 ஆண்டுகளுக்கு நீட்டிக் கொடுத்தது. அதே ஆண்டில் கரித்தாரின் தன்மைகளையும் பயன்களையும் விளக்கி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். வெளியே நின்று பார்ப்பவர்களுக்குப் பிரபுவின் நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே தோன்றியிருக்கும்.

ஆனால் வாங்க வேண்டியவர்கள் வாங்கவில்லை. கடற்படை அதிகாரிகள் முதலில் சோதித்துப் பார்க்கவே தயங்கினர். பின்னர்த் தேம்ஸ் கழிமுகத்து நோர் என்னுமிடத்தில் மிதந்த ஒரு மிதவையில் கரித்தார் பூசிப் பார்த்தனர். தார் பூசிய பக்கம் நன்றாகவே இருந்ததாம். ஆயினும் பெரிய கொள்முதல் வரவில்லை. தனியார் கப்பல் கட்டுபவர்களிடம் சென்றார். லண்டன் லைம்ஹவுஸ் பகுதியில் ஒருவர் வெளிப்படையாகவே மறுத்துவிட்டதாகத் தாமஸ் தம் முதுமையில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். கப்பலைக் கட்டுவதில் கிடைக்கும் வருவாய் ஒரு பங்கு. பழுது பார்ப்பதில் கிடைப்பது மறு பங்கு. அப்படியிருக்க, பழுதை உண்டாக்கும் புழுவை ஒழிக்கும் மருந்தை அவர் ஏன் வாங்குவார்? பழுது பார்ப்பவர்களின் இந்தப் பொருளாதாரம் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றுதான் போலும்.

இவ்விடத்தில் நான் மகனோடு முழுவதும் உடன்பட மாட்டேன். தந்தையை அதிகார வர்க்கத்தின் அறியாமை கொன்றது என்பதே தாமஸின் கட்சி. ஆனால் அதே ஆண்டுகளில் கடற்படை வேறொரு வழியைக் கண்டிருந்தது. 1779 முதல் கப்பல்களின் அடிப்புறம் முழுவதும் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கினர். கடற்படைக் கணக்காயர் சார்லஸ் மிடில்டன் அதில் உறுதியாக நின்றார். செம்பு விலை மிக்கது. இரும்பு ஆணியோடு சேர்ந்தால் கடல்நீரில் மின்வேதி வினை நிகழ்ந்து ஆணி அரித்துப்போகும் தொல்லையும் அதற்கு உண்டு. ஆனால் தாரால் முடியாத ஒன்றைச் செம்பு செய்தது. புழுவைத் தடுத்ததோடு, பாசியும் கிளிஞ்சலும் ஒட்டாமலும் தடுத்தது. அடி சுத்தமாக இருந்தால் கப்பல் விரைந்து செல்லும். போர்க்கப்பலுக்கு வேகம்தானே உயிர்? ஆணிச் சிக்கலையும் சில ஆண்டுகளில் செப்புக் கலவை ஆணிகளால் தீர்த்துவிட்டனர். எனவே டண்டொனால்டு தோற்றது மடமையிடம் மட்டுமன்று. தம்முடையதினும் சிறந்த ஒரு தீர்வினிடமும் தோற்றார். புதியதைக் கண்டவனுக்கு இந்த இரண்டாவது வகைத் தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

இனி அவர் வீணாக்கியது எதுவென்று சொல்கிறேன். சூளையிலிருந்து தார் குளிர்ந்தபின் எஞ்சிய வாயு குழாய் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விளையாட்டாக அந்தக் குழாயின் முனையில் ஒரு துப்பாக்கிக் குழலைப் பொருத்தித் தீயிட்டார் பிரபு. பெரும் சுடர் எழுந்தது. இரவில் அந்த ஒளி கழிமுகத்தைக் கடந்து மறுகரையிலும் தெரிந்ததாம். நம் ஆய்வுக்கூட நுனிக்குழலில் எரியும் அதே சுடர்தான்! கண்டவர் வியந்தனர், பிரபுவும் மகிழ்ந்தார், அத்தோடு விட்டுவிட்டார். 1792-இல் வில்லியம் மர்டாக் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ரெட்ரூத் என்ற ஊரில் தம் வீட்டை நிலக்கரி வாயுவால் ஒளிரச் செய்தார். 1812-இல் லண்டனில் வாயு விளக்குக் கம்பெனி அரச அனுமதியோடு தோன்றியது. நகரங்கள் ஒளி பெற்றன. அந்த வாயு ஆலைகளிலோ தார் வேண்டாத கழிவாயிற்று. எங்கே கொட்டுவது என்று தெரியாமல் ஆறுகளில் விட்டார்கள். டண்டொனால்டு தாரை விற்று வாயுவைக் காற்றில் விட்டார். பின்வந்தவர்கள் வாயுவை விற்றுத் தாரைத் தண்ணீரில் விட்டார்கள். சந்தையில் தார் மலிந்தது. அதற்கெனவே சூளை கட்டியவர் என்ன செய்வார்?

அவருடைய தார்த் தொழிலில் இணைந்த மற்றொருவரின் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்பீர்கள். அவர் ஜான் லவுடன் மெக்காடம். மெக்காடம் சாலை என்று பாடத்தில் படிக்கிறோமே, அவரேதான். அமெரிக்காவிலிருந்து 1783-இல் நாடு திரும்பிய மெக்காடம், ஸ்காட்லாந்தின் மூர்கெர்க் என்ற ஊரில் நடந்த தார் ஆலையோடு தம்மைப் பிணைத்துக்கொண்டு பொருளை இழந்தார். வேடிக்கை என்னவென்றால், பிற்காலத்தில் அவர் புகழ்பெற்ற சாலைகளில் ஒரு துளித் தார் கூடக் கிடையாது. ஒரே அளவாக உடைத்த கல்லும், நீர் வடியும் அமைப்புமே அவருடைய முறை. மெக்காடம் கல்லில் தார் சேர்ந்தது பின்னரே. எட்கர் ஹூலி என்ற பொறியாளர் 1902-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

தார் ஒன்றோடு நின்றிருந்தால் டண்டொனால்டு ஒருவேளை தப்பியிருப்பார். நிற்கவில்லையே! உப்பிலிருந்து சோடா செய்யும் முறை, அதற்கு நியூகாசில் பகுதியில் வில்லியம் லாஷோடு கூட்டு. துணி அச்சடிப்போருக்குப் படிகாரம். உப்பைத் தூய்மை செய்யும் வழி. சணலைப் பதப்படுத்திப் பாய்த்துணி நெய்வது. உருளைக்கிழங்கு கலந்து ரொட்டி. ஒன்று முடியுமுன் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் சூளை, கொப்பரை, கடன் பத்திரம். 1795-இல் வேளாண்மைக்கும் வேதியியலுக்கும் உள்ள நெருங்கிய உறவை விளக்கி ஒரு நூல் எழுதினார். ஹம்ப்ரி டேவியின் வேளாண் வேதியியல் நூல் வெளிவந்தது 1813-இல். 18 ஆண்டுகள் முந்திக்கொண்ட அந்த நூலுக்காகவேனும் இவர் பெயரை நாம் வேதியியல் வரலாற்றில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

குடும்பம் என்னாயிற்று? 1774-இல் ஆன் கில்கிறிஸ்ட் என்னும் கடற்படைத் தலைவரின் மகளை மணந்தார். அடுத்த ஆண்டு தாமஸ் பிறந்தான். 1784-இல் அம்மையார் மறைந்தார். தாயற்ற பிள்ளைகள் தார்ப் புகைக்கும் கடன்காரர்களின் வருகைக்கும் இடையே வளர்ந்தனர். ஆசிரியர் வைக்கப் பணமில்லை. பாட்டி தம் சிறு வருவாயில் மிச்சம் பிடித்து உதவினார். 1793-இல் பதினேழு வயதுத் தாமஸ் கப்பலேறியபோது, தந்தை அவனுக்குக் கொடுத்தது ஒரு தங்கக் கடிகாரம். டண்டொனால்டு பரம்பரைச் சொத்தில் அவனுக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் கடிகாரம் ஒன்றே. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கூரஸ் பண்ணையும் மாளிகையும் கைமாறிவிட்டன.

இங்கே நான் ஒன்றைச் சொல்லாமல் கடக்க விரும்பவில்லை. பிரபுவின் துன்பத்தை எழுதியவர் பலர். அந்தத் தாருக்குக் கரி வெட்டியவர்களைப் பற்றி எழுதியவர் சிலரே. அக்கால ஸ்காட்லாந்தில் சுரங்கத் தொழிலாளியும் உப்புக் காய்ச்சுபவனும் சட்டப்படி அந்தச் சுரங்கத்துக்கும் உப்பளத்துக்கும் கட்டுண்ட அடிமைகள். உடைமை கைமாறினால் அவர்களும் அதோடு கைமாறுவார்கள். 1775-இல் ஒரு சட்டம் அரைகுறையாக விடுவித்தது. முழு விடுதலை 1799-இல்தான் வந்தது. ஆண் வெட்டிய கரியைக் கூடையில் கட்டி முதுகில் சுமந்து படியேறி வந்தவர்கள் அவனுடைய மனைவியும் மகளும். இந்தக் கொடுமையை ராபர்ட் பால்ட் என்ற சுரங்கப் பொறியாளர் 1808-இல் எழுதி வெளியிட்டார். பெண்களைச் சுரங்கத்தில் இறக்கக்கூடாது என்ற சட்டமோ 1842-இல் வந்தது. ஒவ்வொரு பீப்பாய்த் தாரிலும் அந்த முதுகுகளின் வியர்வையும் கலந்திருந்தது.

கப்பல் கைவிட்ட தாரைக் கட்டடம் ஏற்றுக்கொண்டது. சுவீடன் நாட்டின் கடற்படை நகரமாகிய கார்ல்ஸ்க்ரோனாவில் அர்விட் ஃபாக்சே என்ற மருத்துவர் 1780-களிலேயே கூரைக்கான ஒருவகைக் கல்காகிதம் செய்து காட்டினார். பிரிட்டனில் 1811-இல் லவுடன் என்ற தோட்டக்கலை அறிஞர், ஆக்ஸ்ஃபர்ட் பகுதியில் தாம் அமைத்த காகிதக் கூரைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். காகிதத்தில் கூரையா என்று சிரிக்க வேண்டாம். தடித்த காகிதத்தைத் தாரும் கீலும் கலந்த கொதிகலவையில் தோய்த்து, பலகை மேல் ஒன்றன் மேலொன்றாக ஆணியடித்து, மேலே மறுபடி தார் பூசி, ஈரம் உலருமுன் மணலோ சாம்பலோ தூவுவார்கள். ஓட்டையும் கற்பலகையையும் விட எடை மிகக் குறைவு; எனவே அடியில் தாங்கும் மரச்சட்டமும் மெலிதாகப் போதும். ஏழைக்கு ஏற்ற கூரை. ஆனால் தீப்பிடித்தால் காப்பாற்ற முடியாது. சுவர்ப் பலகைகளுக்கும் தார் வந்தது. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரையில் மீனவர் வலை வைக்கும் உயரமான மரக்கொட்டகைகள் இன்றும் கறுப்பாக நிற்கின்றன. அக்கறுப்பு தாரின் வழக்கத்தால் வந்ததே.

1847-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் வாரன் என்னும் சகோதரர்கள் தார்க் கூரைத் தொழிலைத் தொடங்கினர். முதலில் மரத்தார், பின்னர் வாயு ஆலைகள் வேண்டாமென்று தள்ளிய கரித்தார். சமதளக் கூரையில் தார்க்காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி மேலே சரளைக்கல் பரப்பும் முறை அந்நாட்டில் பரவியது. சரளை எதற்கு? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் தாரின் மேற்பரப்பை வறளச் செய்து வெடிக்கவைக்கும். கல் அதற்கு நிழல். அந்த நூற்றாண்டின் கடைசியில் கச்சா எண்ணெய் பெருகவே நிலக்கீல் தாரின் இடத்தைப் பிடித்தது. உருக்கிய நிலக்கீலினுள் காற்றை ஊதினால் அது இளகும் வெப்பநிலை உயர்கிறது என்று கண்டனர். கோடை வெயிலில் கூரையிலிருந்து ஒழுகாத நிலக்கீல் அதன்பின்னரே கிடைத்தது. 1903-இல் மிச்சிகன் மாநிலத்து ஹென்றி ரெனால்ட்ஸ் கல்தூள் பதித்த நிலக்கீல் அட்டையைச் சிறு ஓடுகளாக வெட்டி விற்றார். வட அமெரிக்க வீடுகளின் சரிவுக் கூரைகளில் இன்று காணப்படுவது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. பின்னர் அது சுவருக்கும் இறங்கியது. செங்கல் போல் கோடு அச்சிட்ட நிலக்கீல் அட்டையை மரச் சுவரில் அடித்து, செங்கல் வீடு போல் காட்டிக்கொண்டார்கள். வறுமைக்கும் ஒரு வேடம் வேண்டியிருக்கிறது.

கரித்தார் கூரையிலிருந்து விலகியதற்கு வேறொரு காரணமும் பின்னாளில் சேர்ந்தது. 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பின்னாளில் வரும் புற்றுநோய்க்குக் கரிப்புகை அழுக்கே காரணம் என்று காட்டியிருந்தார். 1915-இல் சப்பானிய அறிஞர்கள் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் கரித்தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். பல வளையங்கள் இணைந்த அரோமேட்டிக் ஐட்ரோகார்பன்களே அதற்குக் காரணம் என்பதைக் கரிம வேதியியலில் படிக்கிறோம். கச்சா எண்ணெயிலிருந்து வரும் நிலக்கீலில் அவை மிகக் குறைவு. என்றாலும் கொதிக்கும் கொப்பரையின் புகையை நாள்தோறும் சுவாசிப்பவனுக்கு எதுவும் நல்லதன்று. அதே கரித்தாரிலிருந்துதான் பெர்கின் 1856-இல் ஊதாச் சாயம் எடுத்தார். சாயத் தொழிலும் மருந்துத் தொழிலும் அதிலிருந்தே கிளைத்தன. டண்டொனால்டின் பீப்பாய்களுக்குள் நஞ்சும் இருந்தது, மருந்தும் இருந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அறிவு அப்போது எவரிடமும் இல்லை.

1806-இல் நாடாளுமன்றம் கொடுத்த 20 ஆண்டு உரிமையும் முடிந்தது. பிரபு அதனால் செல்வராகவில்லை. இரண்டாம் மனைவி 1808-இல் மறைந்தார். முதுமையில் மூன்றாவது மணம். அவரும் சில ஆண்டுகளில் மறைந்தார். வறிய எழுத்தாளர்களுக்கு உதவும் இலக்கிய நிதியிலிருந்து ஒரு பிரபு உதவி பெற வேண்டிய நிலை வந்தது. கடைசியில் பாரிஸ் நகரம் சென்று வறுமையில் வாழ்ந்து, 1831-ஆம் ஆண்டு சூலை முதல் நாள், 83-ஆம் வயதில் காலமானார்.

பத்தாம் பிரபுவான தாமஸின் கதை தனியே எழுத வேண்டிய ஒன்று. பிரெஞ்சுக் கப்பல்களை அவர் கலங்கடித்ததும், 1814-இல் பங்குச் சந்தை மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டதும், சிலி நாடும் பெரு நாடும் பிரேசிலும் விடுதலை பெறக் கடற்படை நடத்தியதும், பின்னர் மன்னிப்புப் பெற்று மீண்டதும் இங்கு அடங்கா. ஆனால் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1848 முதல் 1851 வரை அவர் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடற்படைத் தலைவராக இருந்தார். அப்போது திரினிடாட் தீவில் உள்ள நிலக்கீல் ஏரியைக் கண்டார். ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில், மேலே நடந்து செல்லும் அளவுக்குக் கெட்டியாக, ஆனால் தோண்டிய பள்ளம் மெல்ல மெல்லத் தானே நிரம்பிக்கொள்ளும் விந்தையான ஏரி அது. 1595-இல் வால்டர் ராலே தம் கப்பல்களின் இடுக்குகளை அடைத்துக்கொண்டது அங்கே எடுத்த கீலால்தான். சூளை வேண்டாம், கரி வேண்டாம். தந்தை ஆயுள் முழுதும் காய்ச்சிய பொருளை ஒத்த ஒன்று அங்கே தரையிலேயே கிடந்தது.

எழுபத்தைந்தைத் தாண்டிய அந்தக் கிழவர் சும்மா இருந்தாரா? நாடு திரும்பியதும் நிலக்கீலைக் கழிவுநீர்க் கால்வாய்களுக்கும் கரைகளுக்கும் மின்கம்பிகளுக்கு உறையாகவும் பயன்படுத்த வழி கண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் காப்புரிமைகள் வாங்கலானார். அவற்றால் அவரும் பெரும்பொருள் ஈட்டவில்லை. 1860 அக்டோபர் 31-இல் அவர் இறந்தார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1876-இல், வாஷிங்டன் நகரின் பென்சில்வேனியா பெருவீதியில் திரினிடாட் ஏரியின் நிலக்கீலைப் பரப்பினார்கள். அந்த ஏரியில் இன்றும் வெட்டி எடுக்கிறார்கள்.